ஒன்பதாவது நூல்

காலை ஐந்தே முக்கால்.
ஈசூனில் மின்தூக்கியை விட்டு வெளியே வருகிறபோது
காலணியில் இன்னும் சுரங்கத் தூசு.
கடைசி ரயில் போனபின்
முதல் ரயில் வருமுன்
தண்டவாளத்துக்கு மரை முறுக்குகிற வேலை எனக்கு.
இவ்வளவு இறுக்கினால் போதுமென்று
கையிலிருக்கும் சாவியே ‘டிக்’ என்று சொல்லிவிடும்.

நூலுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது.

சாப்பாட்டு மேசையில் மூன்று சாத்தே குச்சிகள்,
கோழியைப் பார்க்காத குச்சிகள்,
புளோக்குக்குக் கீழே மளிகைக் கடையில்
கட்டாக வாங்கியது.
இருபது சென்டிமீட்டருக்கு நறுக்கி
இரு முனையிலும் கத்தியால் கீறி வைத்தேன்.
பத்து சென்டிமீட்டரில் ஆறு நூல்,
பதினேழுக்கு மயிரிழை குறைவாய் மூன்று.
குச்சிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது.
தொடாமலே நிற்க வேண்டும்.

தூண்டில் நரம்பைத்தான் முதலில் கட்டினேன்.
பிடித்த மீனைவிட அதிகமாய் வழுக்கியது.
பிறகு வசுமதி தன் தையல் டப்பாவிலிருந்து
சிவப்பு நூலெடுத்து மெழுகில் இழுத்துத் தந்தாள்.
தந்தாள் என்றால்,
மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கியிருந்தாள்.

அவளுக்கு சாங்கியில், வாசனைத் திரவியக் கடையில்
பகல் ஒன்றிலிருந்து இரவு பதினொன்று வரை.
நான் குளிக்கையில் அவள் புரண்டு படுப்பாள்.
அவள் தலை பின்னுகையில்
என் குறட்டை கேட்குமாம்.
நள்ளிரவில் அவள் இரண்டு முடிச்சு,
விடியலில் நான் இரண்டு.
எது யாருடையது என்று பார்த்தாலே தெரியும்.
அவளுடையது கடுகு.
என்னுடையது லாரியில் சரக்கு கட்டினாற்போல்.
மோந்தாலும் தெரியும்.

உடனே உவமைக்குப் பாயாதீர்கள்.
தொடாத குச்சிகள், இழுத்துப் பிடிக்கும் நூல்,
ஆளுக்கொரு ஷிப்ட்டில் கணவனும் மனைவியும்...
நொவீனாவுக்கு அடியில், அதிகாலை மூன்றரைக்கு,
நானும் அதை யோசித்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் குச்சிகள் மூன்று.
நாங்கள் இரண்டு பேர்.
கணக்கு உதைக்கிறது.

எட்டு நூல் ஏறிவிட்டது.
ஒன்பதாவதற்குத்தான் கை போதவில்லை.
மேலே பிடிக்க ஒன்று, கீழே பிடிக்க ஒன்று,
முடிச்சிட இன்னொன்று.
என்னிடம் இரண்டு. அவளிடம் இரண்டு.
நான்கும் ஒன்றாய் விழித்திருப்பது
ஞாயிற்றுக்கிழமை மட்டும்.
துணிக் கவ்விகளை வைத்துப் பார்த்தேன்.
துள்ளி ஓடி சோஃபாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

செவ்வாய் மாலை, நான் எழுந்து பல் துலக்கும் நேரம்,
ரோஸ்னா வீட்டுப் பையன் ஹாசிக்
இரவல் வாங்கிய துளைக்கருவியைத் திருப்பித் தர வந்தான்.
“இங்கே ஒரு விரல் வை.”
வைத்தான்.
வாயில் நுரையோடு இழுத்தேன், முடிந்தேன்.
மேசையில் கிடந்த குப்பை
மூச்சை உள்ளிழுத்து எழுந்தது.
முக்கால் சாண் உயரம்,
பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல்
லேசாய்த் திரும்பிய இடுப்பு.
“அலாமாக்” என்றான் ஹாசிக்.
விரலை எடுத்த பிறகும்
அதை நீட்டியபடியே நின்றான்.

நகத்தால் ஒரு நூலைச் சுண்டினேன்.
எல்லா நூலும் பதில் சொன்னது.

புதன் விடியலில் வந்து பார்த்தால்
அது சரிந்து கிடக்கிறது.
என் முடிச்சுத்தான் நழுவிவிட்டதென்று
விளக்கைப் போட்டுக் குனிந்தேன்.
நழுவவில்லை. அறுபடவுமில்லை.
ஒன்பதாவது நூல் மட்டும்
பொறுமையாய் அவிழ்க்கப்பட்டு, சுருட்டப்பட்டு,
ஒரு துணிக் கவ்வியின் வாயில்.
பக்கத்தில், கடையில் வாசனை காட்டும் வெள்ளைத் தாள் துண்டு.
மல்லிகையா, வேறு ஏதோ வெளிநாட்டுப் பூவா, தெரியவில்லை.
அதில் அவள் கையெழுத்து:

“ஞாயிறு பத்து மணி.
கீழ்ப்பக்கம் நான் பிடிப்பேன்.”

பிளாஸ்கிலிருந்த கோப்பியை நின்றபடியே குடித்தேன்.
மூன்று குச்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
நன்றாகத் தொட்டுக்கொண்டு கிடந்தன.
அவற்றை அப்படியே விட்டுவிட்டு,
விளக்கை அணைத்து,
சத்தமில்லாமல் கதவைத் திறந்து
உள்ளே போனேன்.